ஓர் ஊருக்கு ஒரு வேளை

பழைய நகரங்களைப் பற்றிய படப் புத்தகங்களில் இரண்டு வகை உண்டு. ஊரில் என்னென்ன இருக்கின்றன என்று காட்டுவது ஒரு வகை. கோபுரம், அரண்மனை, பாலம், சந்தை, திருவிழா, கடைசியில் இரண்டு பக்கம் சாப்பாடு. வானம் எப்போதும் நீலமாகவே இருக்கும். விமான நிலையக் கடைகளில் பளபளவென்று அடுக்கி வைத்திருப்பது இதைத்தான். அந்த ஊரின் ஒரு தெருவில் நின்றால் எப்படி இருக்கும் என்று உணரவைப்பது இன்னொரு வகை. முதல் வகையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. அது நன்றாக விற்கும், பரிசளிக்க வாங்குவார்கள். அதைச் செய்ய ஒரு பட்டியலும் நல்ல வெயிலும் போதும். இந்த அத்தியாயம் இரண்டாவது வகைக்கு.

இந்த இரண்டாவது வகையில், பல பத்தாண்டுகள் கழிந்தும் தேடப்படும் புத்தகங்களைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றும் ஊரின் பெரும்பகுதியை வேண்டாமென்று ஒதுக்கியிருக்கிறது. பிராஸாய் பாரிஸின் பகலையே ஒதுக்கினார். பிராகைப் படமெடுத்த யோசஃப் சுடெக், தன் பெரிய புத்தகத்துக்காக வழக்கமான சட்டகத்தை ஒதுக்கிவிட்டு, உயரத்தைப்போல் மூன்று மடங்கு அகலமுள்ள நீளப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டார். ஆரா கூலெர் என்றால் நினைவுக்கு வரும் இஸ்தான்புல்லில் வண்ணமும் இல்லை, கோடையும் இல்லை. கறுப்பு வெள்ளையில் படகுப் புகையும் ஈரத் தெருவும் குளிர்கால மாலையும்தான். ஆகவே கேமராவைத் தூக்கும் முன் ஒரு முடிவை எடுத்துவிடுங்கள்: இந்தப் புத்தகத்தில் எது இருக்கவே இருக்காது?

நிபந்தனை

அந்த முடிவை ஒரு வரியில் எழுதி, கேமராப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ‘கும்பகோணம், விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரம்’ என்பது நிபந்தனை. ‘கும்பகோணத்தின் ஆன்மா’ என்பது பின்னட்டை வாசகம். அதை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நிற்பது என்று தீர்மானிக்க முடியாது.

நிபந்தனை நேரத்தைப் பற்றியதாக இருக்கலாம், பருவத்தைப் பற்றியதாக இருக்கலாம், இடத்தின் எல்லையாகவும் இருக்கலாம். மதுரையில் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஊரே சதுரத்துக்குள் சதுரமாக அமைந்திருக்கிறது. ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் இடைப்பட்ட சந்துகளைத் தாண்ட மாட்டேன் என்று ஒருவர் உறுதி எடுத்தால் அதுவே நல்ல நிபந்தனை. கோயில் படத்தில் வரலாம், ஆனால் சந்தின் முனையில் தெரியும் துண்டாக மட்டும். மதுரையைப் பற்றி வந்த எத்தனையோ புத்தகங்களிலிருந்து இது ஒன்றே உங்கள் புத்தகத்தைப் பிரித்துக் காட்டிவிடும்.

முடிவெடுத்த பின் முதல் சில வாரங்கள் கசக்கும். நிபந்தனைக்கு வெளியே அருமையான காட்சிகள் வந்து நிற்கும். தாராளமாக எடுங்கள், ஆனால் வேறு கோப்புறையில் போடுங்கள். அவை வேறொரு புத்தகத்துக்கு உரியவை.

பிராஸாயின் இரவு

பிராஸாயின் இயற்பெயர் ஜூலா ஹலாஸ். 1899இல் திரான்சில்வேனியாவில் பிறந்தவர்; சொந்த ஊரான பிராஸோவின் பெயரைத்தான் புனைபெயராக வைத்துக்கொண்டார். 1924இல் பாரிஸ் வந்து பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தவரை, இரவெல்லாம் நடந்து திரியும் பழக்கம்தான் கேமராவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ‘பாரி தெ நுயி’, அதாவது ‘இரவில் பாரிஸ்’, 1933 என்ற ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. எழுத்தாளர் பால் மொரானின் முன்னுரை. அறுபது சொச்சம் படங்கள். பள்ளிக்கூட நோட்டைப்போல் சுருள்கம்பிக் கட்டு. படங்களைச் சுற்றி வெள்ளை ஓரமே கிடையாது, கறுப்பு தாளின் விளிம்புவரை போய் அடுத்த பக்கத்து இருட்டோடு சேர்ந்துவிடும். புரட்டுகிறவர் இரவைவிட்டு வெளியே வர ஓர் அங்குல இடம்கூட அந்த அமைப்பில் இல்லை. பக்க வடிவமைப்பும் நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அவர் தொழில் செய்த விதத்தைப் பாருங்கள். கையில் வோய்க்ட்லெண்டர் பெர்க்ஹைல் என்ற சிறிய மடிப்புக் கேமரா, கண்ணாடித் தகடுகள், ஒரு முக்காலி. தெருவிளக்கு நேராக லென்ஸில் அடித்தால் தகட்டில் வெளுத்த வட்டம் விழும். ஆகவே விளக்கை ஒரு மரத்துக்கோ சுவர் முனைக்கோ பின்னால் ஒளித்துவிடுவார். விளக்கு தெரியாது, அது ஊற்றும் வெளிச்சம் மட்டும் தெரியும். மழை பெய்தாலோ மூடுபனி கவிந்தாலோ அவருக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் அவை வெளிச்சத்தைப் பரப்பி, முழுக் கறுப்புக்கும் முழு வெள்ளைக்கும் நடுவே உள்ள சாம்பல் நிறங்களைக் கொண்டுவரும். எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதற்குச் சிகரெட்டுதான் கடிகாரம்: ஓரளவு வெளிச்சமென்றால் ஒரு கோலுவாஸ் எரிந்து தீரும் நேரம், கும்மிருட்டென்றால் தடித்த பொயார். இதை அவர் வேடிக்கையாகவும் சொல்லியிருக்கலாம், ஆனாலும் வேலை செய்கிற கணக்குதான்.

சிகரெட் இல்லாமல் இன்று நீங்கள் செய்ய வேண்டியது இது. ட்ரைபாட் வையுங்கள். ஐஎஸ்ஓ 100 அல்லது 200, அப்பர்ச்சர் 8, ஷட்டர் 4 நொடியிலிருந்து 30 நொடிக்குள் எங்காவது. கேமராவின் மீட்டரை அப்படியே நம்பினால் அது இரவைச் சாயங்காலமாக்கிவிடும், ஆகவே அது சொல்வதைவிட ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்துப் பாருங்கள். கைப்பேசியின் ‘நைட் மோட்’ இந்த வகைப் புத்தகத்துக்குப் பகை. இருட்டில் உள்ள எல்லாவற்றையும் தோண்டி வெளியே எடுத்துப் போட்டுவிடும், பிறகு இரவென்று எதைச் சொல்வது? ஒயிட் பேலன்ஸை ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். மஞ்சள் சோடியம் விளக்கு எரியும் சந்தையும் எல்இடி விளக்கு எரியும் பெருந்தெருவையும் அது ஒரே நிறத்துக்கு இழுக்கப் பார்க்கும். 4000 கெல்வின் போல ஓர் இடத்தில் பூட்டிவிட்டால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு படத்தில் தங்கும். சோடியம் விளக்குகள் வேகமாக மறைந்துவருகின்றன; அந்த மஞ்சளில் உங்கள் ஊர்த் தெரு எப்படி இருந்தது என்பதே சில ஆண்டுகளில் ஆவணமாகிவிடும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஏசி அறையிலிருந்து நேராக நாகப்பட்டினத்து இரவுக்குள் கேமராவை எடுத்துப் போனால் லென்ஸ் முழுக்க நீராவி படியும். துடைக்கத் துடைக்கப் படியும். மூடிய பைக்குள்ளேயே அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்து பிறகு திறங்கள்.

மூடுபனியை இறக்குமதி செய்யாதீர்கள்

பாரிஸ், பிராக், லண்டன் புத்தகங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்வது, தங்கள் ஊரிலும் அதே பனியைத் தேடுவது. கிடைக்காதபோது கணினியில் சேர்ப்பது. ஊரின் காற்றைப் பற்றிய புத்தகத்தில் காற்றே பொய்யென்றால் வேறு எதை வாசகர் நம்புவார்? வானத்தை மாற்றிக்கொடுக்கும் மென்பொருளுக்கும் இதே பதில்தான்.

அட்சரேகையும் நம்மை வேறு ஆட்டத்துக்கு அழைக்கிறது. ஜூன் மாதப் பிராகில் சூரியன் மறைந்த பிறகு நாற்பது நிமிடத்துக்கு மேல் அந்தி வெளிச்சம் தங்கும், சாய்ந்த பொன்வெயிலும் வெகுநேரம் நிற்கும். தஞ்சாவூரில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி இருபது, இருபத்துநான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும். வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும் ‘நீல வேளை’ இங்கே இரண்டு மூன்று படத்துக்குத்தான் காணும். ஆகவே மாலையில் இடம் தேடி அலையாதீர்கள். இடத்தைப் பகலிலேயே முடிவு செய்து, ட்ரைபாடை விரித்து, சூரியன் விழும் முன்பே தயாராக நில்லுங்கள்.

நம்மிடம் நிறைய இருப்பது உச்சி வெயில். எல்லாக் கேமராப் புத்தகங்களும் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வீட்டில் இருக்கச் சொல்கின்றன. ஆனால் மே மாதம் இரண்டு மணிக்குக் காரைக்குடித் தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும், நள்ளிரவைவிட ஊர் அப்போதுதான் ஆளரவமற்றுக் கிடக்கும். மூடிய கதவுகள், திண்ணை நிழலில் ஒரு நாய், சுவரின் வெள்ளை கண்ணைக் குத்தும். அந்த வேளையை மட்டும் வைத்து ஒரு புத்தகம் செய்யலாம். வெள்ளைச் சுவர் வெளுத்துப் போகாதபடி அதற்கே எக்ஸ்போஷர் வையுங்கள், நிழல் கறுத்தால் கறுக்கட்டும். ஷாங்காயில் பிறந்து 1949இல் ஹாங்காங் வந்த ஃபான் ஹோ, கடுவெயிலையும் எதிர்வெளிச்சத்தையும் சமையல் புகையையும் வைத்தே ஐம்பதுகள், அறுபதுகளின் ஹாங்காங்கைக் கட்டியெழுப்பினார். ரகுபிர் சிங் காசியையும் கல்கத்தாவையும் வண்ணத்தில்தான் எடுத்தார்; கறுப்பு வெள்ளையின் துயரம் இந்தியத் தெருக்களுக்குப் பொருந்தாது என்ற கட்சி அவருடையது. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுப்பவர் அது ஏன் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ‘பழைய ஊர், அதனால் கறுப்பு வெள்ளை’ என்பது காரணமாகாது.

உண்மையான பனி கிடைக்கும்போது விடவும் வேண்டாம். மார்கழியில் காவிரிக் கரையோர ஊர்களில் விடிகாலை ஒரு மணி நேரம் கிடைக்கும். மீட்டர் பனியைச் சாம்பலாக்கப் பார்க்கும். முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டி எடுங்கள். கோலம், சைக்கிள், பால் கேன் எல்லாம் தானாக வந்து நிற்கும். அவற்றைத் தவிர வேறு ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

காத்திருப்பு

சுடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஒரு கையோடு, பெரிய மரக் கேமராவையும் முக்காலியையும் சுமந்து அரை நூற்றாண்டுக்குமேல் பிராகில் நடந்தார். 1959இல் வந்த ‘பிராஹா பனோரமாடிட்ஸ்கா’வில் 284 நீளப்படங்கள் இருக்கின்றன. அவர் பயன்படுத்திய பழைய கோடாக் பனோரமா கேமராவில் லென்ஸே இடமிருந்து வலமாகச் சுழலும். நெகட்டிவ் 10 சென்டிமீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் அகலம். சுழல்வதால் நேர்கோடுகள் லேசாக வளையும், ஆற்றங்கரை வில்லாகும். அரண்மனையும் பாலமும் அதில் உண்டு; கூடவே ஊர் முடியும் இடத்து வெற்று நிலங்களும் புகைபோக்கிகளும் சேற்றுப் பாதைகளும் உண்டு. நீளமான சட்டகம் முக்கியமானதை நடுவில் நிறுத்த விடாது. கண் அலைய வேண்டியிருக்கிறது, ஒரு மலையேறி ஊரைப் பார்ப்பவரின் கண்ணைப்போல. புத்தகமும் அதற்கேற்ப அகலம். நீங்கள் எந்த வடிவத்தில் படம் எடுக்கிறீர்களோ அதுவே புத்தகத்தின் அளவைத் தீர்மானிக்கட்டும். நிற்கும் படங்களையும் படுத்த படங்களையும் சதுரங்களையும் கலந்து எடுத்துவிட்டு வடிவமைப்பாளரிடம் கொடுத்தால், அவர் பாவம், ஒட்டுப்போடத்தான் செய்வார்.

சுடெக்கிடம் கற்க வேண்டிய இன்னொன்று பொறுமை. 1924இலிருந்து சில ஆண்டுகள் அவர் புனித விட்டஸ் பேராலயத்துக்குள் படமெடுத்துவந்தார். நூற்றாண்டுகளாக முடிவடையாமல் கிடந்த கட்டுமானம் நிறைவடைந்துகொண்டிருந்த காலம் அது. மணல் மூட்டைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் மேல் சாளர வெளிச்சம் விழும் படங்கள் அப்போது கிடைத்தவை. அவற்றிலிருந்து 15 படங்களைத் தொகுப்பாக 1928இல் வெளியிட்டார்கள். பின்னாளில் அவருக்கு உதவியாளராக இருந்த சோன்யா புல்லாட்டி ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். பேராலயத்தின் அடியில் இருந்த பழைய கூடமொன்றில் அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு வெயில் கீற்று உள்ளே நுழைகிறது. சுடெக் உற்சாகமாகி, இரண்டு பேருமாகத் துணியை வீசித் தரையின் பழந்தூசியைக் கிளப்புகிறார்கள், கீற்று கண்ணுக்குத் தெரிவதற்காக. இதை ஏமாற்று என்று யாரும் சொல்ல முடியாது. தூசியும் அந்த இடத்துடையது, வெயிலும் அந்த இடத்துடையது.

காத்திருப்பைத் திட்டமாக மாற்றுங்கள். ஒரு குறிப்பேட்டில் தெருப் பெயர், எந்த மாதம், எத்தனை மணிக்கு வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று எழுதிவாருங்கள். கிழக்கு மேற்காகப் போகும் சந்தில் ஆண்டில் சில வாரங்கள் மட்டும் சூரியன் தெருவின் நேர்கோட்டில் உதிக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த தடவைக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். ஓர் ஊர்ப் புத்தகத்துக்கு இரண்டு முழு ஆண்டு ஒதுக்குவது நியாயமான கணக்கு; முதல் ஆண்டு தெரிந்துகொள்ள, இரண்டாவது ஆண்டு எடுக்க.

நம் ஊரில் இதை முன்பே செய்தவர்

தமிழ்நாட்டின் கோயில் நகரங்களை முதன்முதலில் முறையாகப் படமெடுத்தவர்களில் லின்னேயஸ் டிரைப் முக்கியமானவர். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட இந்த ராணுவ அதிகாரி, 1857 கடைசியிலிருந்து 1858 தொடக்கம்வரை ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு பூசிய காகிதமே பெரும்பாலும் அவருக்கு நெகட்டிவ். அது வெளிச்சத்தை மெதுவாக வாங்கும், ஆகவே நடமாடுகிறவர்கள் யாரும் படத்தில் தங்கவில்லை. அவருடைய மதுரை ஆளில்லாத மதுரை. அந்த வெறுமையை அவர் தேடிப் போகவில்லை, வேதியியல் கொடுத்தது. இருந்தும் அந்தப் படங்களில் கல்லின் மேல் வெயில் படிந்திருக்கும் விதம் இன்றைய கேமராக்களுக்கு எளிதில் வராது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, பத்தொன்பது அடி நீளச் சுருளாக்கினார். நெகட்டிவில் வெறும் வெளுப்பாக விழும் வானத்தில் சில இடங்களில் தூரிகையால் மேகமும் வரைந்திருக்கிறார். வானத்தை மாற்றுவதைச் சற்றுமுன் திட்டியவன் இதை மறைக்கக் கூடாது. அவருக்கிருந்த தொழில்நுட்பக் கட்டாயம் நமக்கில்லை, அவ்வளவுதான்.

ஆட்கள்

பழைய நகரத்துப் படங்களில் ஆட்களே இல்லாவிட்டால் கட்டடக்கலைப் பட்டியலாகிவிடும். முகங்கள் நிறைந்துவிட்டால் ஊர் மறைந்துவிடும். இதற்கு விகிதாசாரம் எதுவும் கிடையாது. இரவில் தெருவில் இருப்பவர்கள் யார் என்று யோசியுங்கள்: பூக்கட்டுபவர், டீ மாஸ்டர், துப்புரவுப் பணியாளர், முதல் பேருந்துக்குக் காத்திருக்கும் குடும்பம். கேட்டு எடுங்கள். அடுத்த முறை போகும்போது பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். மூன்றாவது முறை, ‘அண்ணே, அந்தப் பக்கம் போனீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்’ என்று அவர்களே வழி சொல்வார்கள்.

ஆட்களை நிற்க வைத்து எடுக்கலாமா? பிராஸாய் சில படங்களில் நண்பர்களை நிறுத்தியிருக்கிறார். அவர் புத்தகத்தின் தாக்கத்தில் 1938இல் ‘லண்டனில் ஓர் இரவு’ வெளியிட்ட பில் பிரான்ட், குடும்பத்தாரையும் நண்பர்களையும் பாத்திரங்களாக்கினார். ஃபான் ஹோவின் புகழ்பெற்ற ‘நெருங்கும் நிழல்’ படத்தில் சுவரோரம் நிற்பவர் அவருடைய உறவுக்காரப் பெண், சாய்ந்த நிழல் இருட்டறையில் சேர்த்தது. அதை அவர் மறைக்கவில்லை. கவிதையாகச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆவணம் என்று அட்டையில் போட்டுவிட்டு அப்படிச் செய்யாதீர்கள்.

இதைவிடக் கடினமான கேள்வி வறுமை. தாமஸ் ஆனன் 1868 முதல் கிளாஸ்கோவின் நெரிசலான சந்துகளைப் படமெடுத்தது நகர மேம்பாட்டு அறக்கட்டளைக்காக. இடிக்கப்போகும் குடியிருப்புகளின் பதிவு அது. ஈரச் சுவரும் காயும் துணியும் நீண்ட எக்ஸ்போஷரில் ஆவியாய்க் கலைந்த குழந்தைகளும் இன்று பார்க்க அழகாக இருக்கின்றன. அங்கே குடியிருந்தவர்களுக்கு அது அழகில்லை. இடியும் வீடுகளை ‘பழமையின் வசீகரம்’ என்று விற்கும் ஆசை நம் எல்லோருக்கும் வரும். உள்ளே யாராவது வசிக்கிறார்களா என்று கேட்ட பிறகு அந்தப் படத்தைப் புத்தகத்தில் சேர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

அனுமதியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்க முன்கூட்டியே கேளுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிபந்தனையை மதிலுக்கு வெளியே அமைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

அடுக்குதல்

படங்கள் கையில் இருந்தால் புத்தகம் இருப்பதாக அர்த்தமில்லை. முதலில் எல்லாவற்றையும் நாலுக்கு ஆறு அளவில் மலிவாகப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். கணினித் திரையில் இதைச் செய்யாதீர்கள். திரையில் ஒவ்வொரு படமும் தனியாக மினுங்கும், பக்கத்துப் படத்தோடு அதற்குள்ள உறவு தெரியாது. அறுபதிலிருந்து எண்பதுக்குள் நிற்கப் பாருங்கள். சுடெக்கின் 284 விதிவிலக்கு, அதற்குச் சுடெக்காக இருக்க வேண்டும்.

மிகச் சிறந்த படத்தைத் தொடக்கத்தில் வைக்காதீர்கள். தொடக்கப் படம் வாசகரை ஊருக்குள் நுழையவிட்டால் போதும்: ஒரு சுவர், ஒரு திருப்பம், ஒரு வாசல். இரண்டு வலுவான படங்களை எதிரெதிரே வைத்தால் ஒன்றையொன்று தின்னும். இடப்பக்கம் வெறுமையாக இருக்கலாம். வெற்றுத்தாளுக்குக் காசு கொடுக்கத் தயங்குகிறவர்கள் இந்த வகைப் புத்தகத்தில் இறங்க வேண்டாம். மூன்று நான்கு தெருப் படங்கள் போன பிறகு ஒரு கைப்பிடியோ படிக்கட்டுத் தேய்மானமோ வரட்டும், கண் கிட்டே வந்து மறுபடி விலகட்டும்.

வரிசை பிடிபட்டதும் டம்மி செய்யுங்கள். உண்மையான அளவில், உண்மையான பக்க எண்ணிக்கையில், நூலால் தைத்த டம்மி. அந்த ஊர்க்காரர் ஒருவரிடமும், அந்த ஊரையே பார்த்திராத ஒருவரிடமும் கொடுங்கள். எதையும் விளக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வேகமாகப் புரட்டுகிறார்கள், எங்கே திரும்பிப் போய்ப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘நல்லா இருக்கு’ என்ற சொல்லைவிட அந்தக் குறிப்பு பயன்படும்.

அச்சகத்தில்

பிராஸாயின் கறுப்பு அவ்வளவு ஆழமாக இருப்பதற்குக் கிராவியூர் அச்சும் காரணம். செப்புத் தகட்டில் அரித்த பள்ளங்களில் மை நிரம்பி, ஆழமான பள்ளம் அதிக மையைத் தாளில் இறக்கும். 1909இல் ‘லண்டன்’, 1910இல் ‘நியூயார்க்’ என்ற புத்தகங்களை வெளியிட்ட ஆல்வின் லாங்டன் கோபர்ன், ஹாமர்ஸ்மித்தில் சொந்தமாக அச்சுப்பொறி வைத்துக் கிராவியூர் படங்களைத் தானே அச்சடித்தார். இன்று நமக்குக் கிடைப்பது ஆஃப்செட். அதில் மையின் கனம் ஒன்றுதான், புள்ளிகளின் அளவுதான் மாறும். ஒரே கறுப்பு மையில் கறுப்பு வெள்ளைப் படத்தை அடித்தால் இருட்டுப் பகுதி சாயம்போன துணிபோல வெளிறும். நான்கு வண்ணத்தில் அடித்தால் ஒரு பாரம் பச்சையாகவும் இன்னொரு பாரம் சிவப்பாகவும் சாயும். டூயோடோன் கேளுங்கள்: கறுப்போடு ஓர் அடர்சாம்பல் மை, இரண்டு தகடு. செலவு கூடும். வேறெங்காவது குறையுங்கள், இதில் வேண்டாம்.

தாள் விஷயத்தில் பளபள ஆர்ட் பேப்பர் இரவுப் படங்களுக்கு ஆகாது; விளக்கு பிரதிபலித்துக் கறுப்பைக் கெடுக்கும். 150 அல்லது 170 ஜிஎஸ்எம் மேட் நன்று. மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளின் தொடுகை அருமைதான், ஆனால் அது மையை உறிஞ்சும், நடுச்சாம்பல்கள் கறுத்துவிடும். அந்தத் தாள்தான் வேண்டுமென்றால் கோப்புகளிலேயே நடுச்சாம்பலை முன்கூட்டி வெளுப்பாக்கி, அதே தாளில் இரண்டு மூன்று படங்களை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். கணினி ப்ரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கட்டு தையல் கட்டாக இருக்கட்டும். பசை மட்டும் தடவிய பர்ஃபெக்ட் பைண்டிங் முழுதாக விரியாது, இரண்டு பக்கத்துக்குப் பரவிய படத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் விழுங்கப்படும். 16 பக்கப் பாரமென்றால் ஒவ்வொரு பாரத்திலும் நடுத்தாள் ஒன்றுதான் துண்டில்லாமல் விரியும்: 8–9, பிறகு 24–25, அடுத்து 40–41. இருபக்கப் படங்களை அங்கே கொண்டுபோய் வையுங்கள். அடுக்கும்போதே இந்த எண்களைப் பென்சிலால் டம்மியில் குறித்துவிட்டால் பின்னால் வரிசையைக் குலைக்க வேண்டியிராது.

எழுத்து

முன்னுரைக்குப் பிரமுகரைத் தேடாதீர்கள். அந்த ஊரில் நடந்து பழகிய எழுத்தாளரைத் தேடுங்கள். ஓர்ஹான் பாமுக்கின் இஸ்தான்புல் நினைவுக் குறிப்பில் ஆரா கூலெரின் படங்கள் பல இருக்கின்றன. 2009இல் கூலெரின் இஸ்தான்புல் தொகுப்புக்குப் பாமுக் முன்னுரை எழுதினார். இருவரும் ஒரே ஊரின் ஒரே குளிர்காலத்தை அறிந்தவர்கள். எழுத்தாளர் படங்களை விவரிக்கக் கூடாது. அது ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வேளையில் என்ன மணக்கும், என்ன கேட்கும் என்று எழுதட்டும். கேமராவால் முடியாததெல்லாம் அவர் பங்கு.

படத்துக்குக் கீழே குறிப்பு வேண்டாம், மனநிலை கலைந்துபோகும். ஆனால் புத்தகத்தின் கடைசியில் சிறு படங்களோடு ஒரு பட்டியல் கட்டாயம் வேண்டும்: தெரு, கதவெண் தெரிந்தால் கதவெண், மாதம், ஆண்டு, ஏறக்குறைய மணி. ஆனனின் சந்துகள் ‘ஹை ஸ்ட்ரீட், எண் 118’ என்ற பாணியில் பெயரிடப்பட்டிருப்பதால்தான், இடித்துத் தள்ளிய குடியிருப்புகள் எங்கே நின்றன என்று இன்றும் வரைபடத்தில் விரல் வைக்க முடிகிறது. ஊர் மக்கள் வழங்கும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், பலகையில் உள்ள பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது; சொந்தமாக வெளியிடுபவரும் விண்ணப்பிக்கலாம். புத்தகம் வந்த முப்பது நாளுக்குள், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் உங்கள் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். அச்சகத்துக்கு எண்ணிக்கை சொல்லும்போதே இந்த நான்கையும், படத்தில் முகம் காட்டிய ஒவ்வொருவருக்கும் ஒன்றையும் கூட்டிச் சொல்லுங்கள்.